லாரி வராத வழி

சைக்கிள் விடத் தெரியாத மாணவர் நம்மிடையே அரியர். ஆயினும் குப்பத்திலிருந்து சாந்திபுரம் வழியாகப் பலமனேர் செல்லும் நெடுஞ்சாலையில் சைக்கிளில் போய்வர விரும்பும் மாணவரும் அரியரே. விடுமுறை நாளில் பஸ் ஏறுகிறோம். அல்லது நண்பரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துகொள்கிறோம். இரண்டும் வாய்க்காவிடில் விடுதியிலேயே படுத்துக் கிடக்கிறோம். இதற்குச் சோம்பல்தான் காரணம் என்று பெரியோர் எளிதாகக் கூறிவிடுவர். அது முழு உண்மையன்று. அச்சமே முதற் காரணம். அவ்வச்சம் நியாயமானது என்பதை முதலில் எடுத்துக் காட்டுகிறேன். பிறகு, அச்சமின்றிச் சைக்கிள் விடத்தக்க வழிகள் நம் பக்கத்திலேயே கிடக்கின்றன என்பதையும், அவை எப்படி அமைந்தன, எதனால் அழியக்கூடும் என்பதையும் கூற முயல்கிறேன்.

பௌதிகம் படிப்பவன் ஆதலால் ஒரு சிறு கணக்கோடு தொடங்குவதைப் பொறுத்தருள வேண்டும். ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் நிறையையும், அதன் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. சைக்கிளும் அதன்மேல் இருப்பவரும் சேர்ந்து 80 கிலோ என்றும், வேகம் மணிக்கு 15 கிலோ மீட்டர் என்றும் கொள்வோம். ஆற்றல் ஏறத்தாழ 700 ஜூல். தக்காளிப் பெட்டிகள் ஏற்றிய லாரி ஒன்று 10 டன் நிறையுடன் மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 14 லட்சம் ஜூல். அதாவது 2000 மடங்கு! லாரி ஓட்டுபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. மோத வேண்டும் என்பதுகூட இல்லை. பெரிய வண்டி தனக்கு முன்னுள்ள காற்றை வெளியே தள்ளி, தான் கடந்தவுடன் அதை உள்ளே இழுக்கிறது. ஒரு முழ இடைவெளியில் அது கடக்கும்போது சைக்கிளின் கைப்பிடி நம் கையில் நடுங்குவது இதனாலேதான். பிரான்சு நாட்டுச் சாலைச் சட்டம், சைக்கிளைக் கடக்கும் வண்டி ஊருக்குள் 1 மீட்டரும், ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டரும் விலகிச் செல்ல வேண்டும் என்று விதித்திருக்கிறது. நம் நெடுஞ்சாலையில் அந்த ஒன்றரை மீட்டரைக் கேட்டால் சிரிப்பார்கள்.

பிரான்சு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மோட்டார் வண்டிகளின் தொல்லையின்றி ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் சைக்கிளில் செல்வதற்கென்றே உலகம் முழுவதிலுமிருந்து மக்கள் போகின்ற நாடு அது. படங்களில் பார்க்கிறோம்: ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் திராட்சைத் தோட்டம், நடுவே யாருமற்ற ஒரு பாதை, அதில் மூட்டை கட்டிய சைக்கிளில் ஒரு கிழவனும் கிழவியும். பார்க்கின்ற நாம், 'அந்த நாடு அப்படி, நம் நாடு இப்படி' என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அங்கும் அந்தப் பாதை இயற்கையாக அமைந்ததன்று. அதை ஒரு காலத்தில் வேறு காரியத்துக்காக வெட்டினார்கள். அந்தக் காரியம் முடிந்துபோயிற்று. கிடந்த பாதையைக் கைவிடாமல், 'இதில் மோட்டார் வரக்கூடாது' என்று ஏற்பாடு செய்தார்கள். அவ்வளவுதான் கதை.

முதலில், ஏன் ஆற்றோரம்? நீர் தாழ்விடத்தை நாடும், குன்றில் ஏறாது. ஆகவே ஆறு ஓடும் வழியே அந்நிலப்பரப்பின் மிகக் குறைந்த ஏற்றமுள்ள வழி ஆகும். சைக்கிளுக்கு ஏற்றம் என்ன செய்கிறது என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். சமதளத்தில், காற்று வீசாத வேளையில், மணிக்கு 15 கிலோ மீட்டர் செல்ல நம் கால்கள் ஏறத்தாழ 50 வாட் தந்தால் போதும். பழைய மாதிரிக் கூரை மின்விசிறி சுற்றுவதற்கு ஆகும் மின்சாரத்தைவிட அது குறைவு. 100 அடிக்கு 5 அடி ஏறுகின்ற சாலையிலோ, மணிக்கு 8 கிலோ மீட்டர் ஊர்வதற்கே 100 வாட் வேண்டும். பாதி வேகம், இரட்டிப்பு உழைப்பு! சமதளத்திலும் 25 கிலோ மீட்டர் வேகத்துக்கு ஆசைப்பட்டால் 160 வாட் வரை போகும். காற்றை எதிர்க்கும் செலவு வேகத்தின் கனத்தைப் பொறுத்து, அதாவது மும்மடிப் பெருக்கமாக உயர்வதே காரணம். ஆகவே ஆற்றோரச் சமபாதையில் மெதுவாகச் செல்பவன் நாள் முழுவதும் செல்லலாம்.

ஏற்றத்தை வெல்லக் கியர் கண்டார்கள். லுவார் ஆற்றுக்கு அருகிலுள்ள செந்த் எத்தியென் நகரத்தில் பால் த விவி என்பவர் (1853–1930) வாழ்ந்தார். வெலோசியோ என்ற புனைபெயரால் புகழ் பெற்றவர். சைக்கிளில் கியர் மாற்றும் வசதி வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் எழுதியும் ஓட்டிக்காட்டியும் வாதாடினார். பந்தயக்காரர்கள் அது கிழவர்களுக்கும் பெண்களுக்கும் உரியது என்று எள்ளினர். 1903இல் தொடங்கிய 'தூர் த பிரான்சு' பந்தயத்தில் சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றும் கருவிக்கு 1937இல்தான் பொது அனுமதி கிடைத்தது. நம் விடுதிகளின் பின்புறம் சாய்ந்து நிற்கும் கறுப்புச் சைக்கிள்களில் இன்றும் கியர் கிடையாது. ஆகவே சமமான வழி பிரெஞ்சுக்காரரைவிட நமக்கே அதிகம் தேவைப்படுகிறது.

அந்நாட்டு ஆற்றோரப் பாதைகளின் பிறப்புக்கு வருவோம். இயந்திரப் படகு வருமுன் ஆற்றிலும் கால்வாயிலும் சரக்குப் படகுகளைக் கரையிலிருந்து குதிரைகளும் மனிதர்களும் கயிறு கட்டி இழுத்தனர். அதற்கெனக் கரையோரம் பாதை விடப்பட்டது. படகுகள் இயந்திரம் பூண்டபின் இழுப்பவர் இல்லை; பாதை மட்டும் எஞ்சியது. லுவார் ஆற்றில் வெள்ளத்தைத் தடுக்க இடைக்காலத்திலிருந்தே உயர்ந்த கரைகள் எழுப்பி வந்தார்கள். அவற்றின் முதுகும் வழியாயிற்று. பள்ளத்தாக்குகளில் ஓடிய சிறு ரயில் பாதைகள் பல, பஸ்ஸும் காரும் வந்தபின் மூடப்பட்டன. தண்டவாளத்தைப் பெயர்த்தபின் எஞ்சுவது என்ன? ஏற்றமே இல்லாத, நேரான, தனியான ஒரு மேடு. அத்தகைய மேடு ஒன்றில்தான், ஜிவ்ரி என்னும் ஊருக்கும், 910ஆம் ஆண்டில் தோன்றிய புகழ்பெற்ற மடாலயத்தையுடைய குளூனிக்கும் இடையே 44 கிலோ மீட்டர் நீளத்துக்கு அந்நாட்டின் முதல் 'பசுவழி' 1997இல் திறக்கப்பட்டது. பசுமையான வழி என்பது பொருள். மாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை! 2004இல் பசுவழி என்பது சாலைச் சட்டத்திலேயே இடம் பெற்றது: மோட்டார் இல்லாத வண்டிகள், நடப்போர், குதிரை மேல் செல்வோர் ஆகியோருக்கு மட்டுமே உரிய சாலை என்று.

இன்று லுவார் ஆற்றோரம் ஏறத்தாழ 900 கிலோ மீட்டர் சைக்கிள் வழி உள்ளது. இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த 900 கிலோ மீட்டரும் தனிப்பாதை அன்று. பெரும்பகுதி சாதாரணச் சிற்றூர்ச் சாலைதான். கார் போகலாம், ஆனால் போவது மிகக் குறைவு. பெரிய வண்டிகளுக்கு வேறு நல்ல சாலை இருப்பதால் அவை இங்கே வருவதில்லை. புதிதாகக் கட்டியதைவிட, இருப்பதைத் தேர்ந்தெடுத்து, அம்புக்குறிப் பலகை நட்டு, இணைத்ததே அவர்கள் செய்த பெரிய வேலை. நம் நாட்டில் சைக்கிள் வழி என்றவுடன் கோடிக்கணக்கில் செலவையே நினைக்கிறோம். ஐதராபாத்தில் 2023 அக்டோபரில் 23 கிலோ மீட்டர் நீளத்துக்குச் சூரிய மின்தகடுகளையே கூரையாகப் போட்டுச் சைக்கிள் பாதை திறந்தார்கள். பாராட்டத்தக்க முயற்சியே. ஆனால் அது வெளிவட்டப் பெருஞ்சாலையின் ஓரமாகச் செல்வது. லாரி மேலே வராது. அதன் இரைச்சல் வரும். எனக்கென்னவோ கூரையில்லாத கிராமச் சாலையே மேலாகத் தோன்றுகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். பாலாறு கர்நாடகத்தில் தோன்றி அங்கே 93 கிலோ மீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோ மீட்டரும், தமிழ்நாட்டில் 222 கிலோ மீட்டரும் செல்வதாகக் கணக்கு. நடுவிலுள்ள அந்த 33 கிலோ மீட்டர்தான் சாந்திபுரம், ராமகுப்பம், குப்பம் வட்டாரங்களில் அமைந்தது. கடல் மட்டத்துக்கு 2000 அடிக்கு மேற்பட்ட பீடபூமி. காலைக் காற்றில் குளிர்ச்சி இருக்கும். ஆண்டில் பெரும்பகுதி ஆறு மணலாகவே கிடக்கும் என்பது உண்மைதான். அதன் நீரைப் பற்றி மாநிலங்களுக்கிடையே 1892 ஒப்பந்தக் காலம் முதல் இருந்துவரும் வழக்கை இங்கே நான் தொடப்போவதில்லை. தமிழ் மன்ற மலரில் தொட்டால் கட்டுரை வேறு திசையில் போய்விடும்.

சைக்கிள்காரனுக்கு இப்பகுதியின் சிறப்பு என்ன? தேசப்படத்தை விரித்துப் பாருங்கள். வாணியம்பாடிக்குக் கீழே, ஆம்பூர், வேலூர், வாலாஜா வரை, சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை பாலாற்றுப் பள்ளத்தாக்கோடு கூடவே செல்கிறது. ரயிலும் நெடுந்தொலைவு அவ்வாறே. ஆற்றுக்குத் தெரிந்த சமவழி சாலைப் பொறியாளருக்கும் தெரியுமன்றோ? ஆகவே அங்கே ஆற்றோரம் என்பது லாரியோரம் ஆகிவிட்டது. சாந்திபுரத்திலோ நிலைமை வேறு. கிருஷ்ணகிரி, குப்பம், சாந்திபுரம், வெங்கடகிரிக்கோட்டை, பலமனேர் என்று செல்லும் 42ஆம் எண் நெடுஞ்சாலை பள்ளத்தாக்கைக் குறுக்கே வெட்டிக் கடந்துவிடுகிறது, அதனோடு செல்வதில்லை. ஆகவே வெளியூர் வண்டிகள் எல்லாம் அந்த ஒரு கோட்டில் போய்விடுகின்றன. அதன் இருபுறமும், ஊருக்கு ஊர் செல்லும் சிறு தார்ச் சாலைகள், கேழ்வரகு வயலுக்கும் மல்பெரித் தோட்டத்துக்கும் இடையே, பால்கார மோட்டார் சைக்கிளும் டிராக்டரும் மட்டுமே செல்லும் சாலைகளாக எஞ்சி நிற்கின்றன. லுவார் கரையில் அறிவித்துச் செய்ததை இங்கே ஒரு நெடுஞ்சாலையின் கோணம் அறியாமலே செய்து வைத்திருக்கிறது.

ஒரு சாலை நமக்கு ஏற்றதா என்று எப்படி அறிவது? ஐரோப்பிய சைக்கிள் வழிகளை வகுப்போர், நாளொன்றுக்கு 500க்குக் குறைவான மோட்டார் வண்டிகள் செல்லும் சாலையை மிகக் குறைந்த போக்குவரத்துடையது என்று கொள்கின்றனர். விழித்திருக்கும் நேரம் 14 மணி என்று வைத்தால் மணிக்கு 35 வண்டி. புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்ணிவிடலாம். கருவி எதுவும் வேண்டாம். இங்கே ஒரு வேடிக்கையான உண்மை உண்டு. இரு திசையிலும் சமமாக வண்டிகள் செல்லும் சாலையில், நீங்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாலும் சைக்கிளில் சென்றாலும் ஒரு மணியில் உங்களைக் கடக்கும் வண்டிகளின் மொத்த எண்ணிக்கை ஒன்றே! மாறுவது பங்கு மட்டும். மணிக்கு 30 வண்டி, திசைக்கு 15. வண்டிகளின் வேகம் 45, உங்கள் வேகம் 15 என்றால், எதிரே வருவன 20, பின்னாலிருந்து கடப்பன 10. எதிரே வருவது கண்ணுக்குத் தெரியும். அச்சம் தருவது பின்னால் வருவதே; அது 6 நிமிடத்துக்கு ஒன்று என்றால் தாங்கிக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஏன் நாம் விடுதியில் படுத்துக் கிடக்கிறோம் என்பது விளங்கும்.

சிற்றூர்ச் சாலைகளைத் தவிர இன்னொரு வழியும் இப்போது சேர்ந்திருக்கிறது. ஸ்ரீசைலம் நீர்த்தேக்கத்திலிருந்து கிருஷ்ணா நீரைக் கொண்டுவரும் ஹந்திரி–நீவா திட்டத்தின் குப்பம் கிளைக்கால்வாய் ஏறத்தாழ 140 கிலோ மீட்டர் நீளம் உடையது. பலமனேர்ப் பக்கமிருந்து இவ்வட்டாரங்கள் வழியாகக் குப்பத்தை அடைகிறது. நூற்றுக்கணக்கான கிலோ மீட்டர் கடந்த அந்நீர் 2025 ஆகஸ்டில் குப்பத்தை எட்டியது. நீரை மேலேற்றும் நிலையங்கள் இடையிடையே இருந்தாலும், மற்ற இடங்களில் கால்வாய் என்பது 1000 அடிக்குச் சில அங்குலமே இறங்கும். அதைவிடச் சமமான பாதையைச் சைக்கிள்காரன் எங்கே காண்பான்? பெரிய கால்வாய்களின் கரைமீது மேற்பார்வை வண்டி செல்ல மண்பாதை விடுவது பாசனப் பொறியாளர் வழக்கம். தஞ்சைப் பக்கமிருந்து வந்த நண்பர்களுக்கு வாய்க்கால் கரையில் சைக்கிள் விடுவது பற்றி நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பிரான்சில் குதிரை இழுத்த கரைப்பாதை எதுவோ, அதுவே இங்கு இந்த மேற்பார்வைப் பாதை.

ஆனால் ஒரு வேறுபாடு. அங்கே சட்டமும் பலகையும் உண்டு. இங்கே இரண்டும் இல்லை. இன்று வெறுமையாக இருக்கும் கரையில் நாளை மணல் டிராக்டர் ஓடலாம். சிற்றூர்ச் சாலையை நாளை யாரோ அகலமாக்கினால் சுங்கச்சாவடிக்குத் தப்ப நினைக்கும் லாரி அதன் வழியே திரும்பலாம். வெறுமை தற்செயலாக வந்தது, தற்செயலாகவே போய்விடும். இதைக் காக்கச் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்புக்காகக் குறிப்பிட்ட சாலையில் குறிப்பிட்ட வண்டிகளைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. பாலம் பழுதானால் இதைப் பயன்படுத்துகிறார்கள். சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் சிறுமியருக்காகவும் பயன்படுத்தலாம். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் அரசே மாணவியருக்குச் சைக்கிள் வழங்கியது உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்பதும் நாம் அறிந்ததே. வண்டியைக் கொடுத்தவர்கள் வழியைக் கொடுக்க மறந்தார்கள். நம் சங்கம் ஒரு மாதம் ஞாயிறுதோறும் நாலைந்து சாலைகளில் உட்கார்ந்து வண்டிகளை எண்ணி, அந்தக் கணக்கோடு மாவட்ட ஆட்சித் தலைவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினால் என்ன? பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் மட்டும் கனவண்டிகளை நிறுத்திவைக்கக் கேட்கலாம். எண்ணிக்கையோடு சென்றவரை வெறுங்கையோடு அனுப்புவது அலுவலகங்களுக்குச் சற்றுக் கடினம்.

புறப்படுவோருக்குச் சில எச்சரிக்கைகள். கால்வாய்க் கரை சைக்கிளுக்கு உகந்தது என்றேன். அதன் உட்புறம் உகந்ததன்று. சிமெண்டுப் பூசிய சரிவில் பாசி படிந்தால் நீந்தத் தெரிந்தவரும் ஏற முடியாது. பிடித்துக்கொள்ள ஒரு செடிகூட இராது. ஆகவே நீர் ஓடும் காலத்தில் கரையின் வெளிப்பக்கமாகவே செல்ல வேண்டும். இருவர் இணையாகச் செல்லுதல் கூடாது. காவலர் தடுத்தால் வாதாடாமல் திரும்பிவிட வேண்டும், அது அவர்கள் இடம்.

அடுத்தது யானை. கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் 1990இல் ஏற்பட்டது; 1980களில் பக்கத்து மாநிலக் காடுகளிலிருந்து வந்து தங்கிய யானைகளே அதற்குக் காரணம். அவை குப்பம், ராமகுப்பம் பக்கத்து வயல்களில் இறங்கிப் பயிரை மிதிப்பதும், உழவர்கள் உயிரிழப்பதும் தொடர்கின்றன. அவற்றைக் காட்டுக்குத் திருப்புவதற்காகக் கர்நாடக அரசு 2025 மே மாதத்தில் ஆந்திரத்துக்குக் கும்கி யானைகளை வழங்கியது. லாரி இல்லாத வழி யானைக்கும் பிடித்த வழி என்பதை மறக்க வேண்டாம். முன் சொன்ன குளூனிப் பசுவழியின் தொடர்ச்சியில், 1600 மீட்டர் நீளமான பழைய ரயில் சுரங்கம் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் வௌவால்கள் அங்கே உறங்குவதால், அந்த மாதங்களில் சைக்கிள்காரர்கள் மலையைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். வௌவாலுக்கே அவர்கள் வழிவிடும்போது யானைக்கு நாம் விடலாகாதா? காடு ஓரமாக உள்ள சாலைகளில் சூரியன் உதித்து ஒரு மணிக்குப் பின்னரே செல்க. மாலை ஐந்துக்கு முன் ஊர் திரும்புக. ஊர்க்காரர் 'இன்று அந்தப் பக்கம் வேண்டாம்' என்றால் ஏன் என்று கேட்காமல் வேறு பக்கம் திரும்புக. அவர்களுக்குத் தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து வரும். நம் அரைகுறைத் தெலுங்கே போதும்.

முதல் நாளில் 20 கிலோ மீட்டருக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். காற்று எதிரே வீசும் திசையில் முதலில் போய், அது முதுகில் தள்ளும்படி திரும்புவது நல்லது. இதை மாற்றிச் செய்தவர்கள் மறுநாள் வகுப்பில் தெரிந்துவிடுவார்கள். பஞ்சர் ஒட்டும் கடைகள் நெடுஞ்சாலை ஓரத்தில்தான் இருக்கின்றன. உள்ளூர்ச் சாலைகளில் இருப்பது சீமைக்கருவேல முள். ஆகவே பம்பு, ஒட்டுப் பசை, ரப்பர்த் துண்டு, இரண்டு பாட்டில் தண்ணீர் ஆகியவற்றை நால்வருக்கு ஒரு பையாக எடுத்துச் சென்றால் போதும்.